விதை வேறு, பூ வேறு

ஹோலிப் பண்டிகை நெருங்கினால் தில்லியில் உள்ள நம்மவர் வீடுகளில் இரண்டு எச்சரிக்கைகள் தவறாமல் ஒலிக்கும். ஒன்று, "நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகாதே." மற்றொன்று, "பக்கத்து வீட்டில் தண்டாய் கொடுத்தால், பாங் கலந்ததா என்று கேட்டுக்கொண்டு குடி." முப்பத்தைந்து ஆண்டுகளாக இவ்விரண்டையும் நானும் சொல்லி வருகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு ஹோலியன்று என் அக்கா மகன் இதற்கு ஒரு பதில் சொன்னான். அந்தப் பதில் என்னைச் சீன மருத்துவ நூல்கள் வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவன் திருச்சியிலிருந்து பொறியியல் படிக்க இங்கே வந்தவன். எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். "பாங்குக்கு ஏன் மாமா இவ்வளவு பயப்படறீங்க? கஞ்சாவே தப்பில்லைங்கிறேன் நான். சீனாவிலே அஞ்சாயிரம் வருஷமா அதை மருந்தாக் கொடுக்கிறாங்க. செடிதானே, கெமிக்கலா?" என்றான்.

நான் அரசு மருந்தகம் ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். "கெமிக்கல் இல்லாத செடி உலகத்திலேயே கிடையாதுடா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, தண்டாயைக் குடிக்கப் போய்விட்டேன். அவன் ஏட்டுப் படிப்பைப் பேசவில்லை, சொந்த வழக்கத்தைப் பேசுகிறான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும். கூடத்தில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், வாசற்கதவின் எல்லாத் தாழ்ப்பாள்களையும் போட்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்தாற்போல் நாற்காலியையும் சாய்த்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். "மாமா, கீழே ரெண்டு பேர் நிக்கிறாங்க. மெட்ரோ ஸ்டேஷன்லேருந்து என் பின்னாடியே வந்தாங்க" என்றான். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன். காவற்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு ஈ காக்கை இல்லை. உள்ளே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி ஓடியது. கண்கள் சிவந்து, உதடுகள் வறண்டு போயிருந்தன. என் மனைவி மோர் கலந்து கொடுத்தாள். விடியும்வரை இருவரும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். விடிந்த பிறகுதான் வாயைத் திறந்தான். எட்டு மாதமாகக் கஞ்சா புகைக்கிறானாம். கடைசி இரண்டு மாதம் அநேகமாகத் தினமும்.

அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் பொறுமையாகப் பேசினார். சில வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரையைச் சாப்பிட்டான். ஆனால் அவர் சொன்ன காரணத்தை மட்டும் ஏற்கவில்லை. "இவங்க இங்கிலீஷ் வைத்தியம் அப்படித்தான் சொல்லும். சீன வைத்தியத்திலே இது மருந்து" என்று பழைய இடத்திலேயே நின்றான். "சரி, நீ சொல்கிற சீனாவுக்கே போய்ப் பார்த்துவிடுவோம்" என்று நூலகத்திலும் வேறு இடங்களிலும் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை இருவருமாகப் புரட்டினோம். அப்படிப் படித்ததைத்தான் அவன் சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

ஐயாயிரம் ஆண்டுக் கணக்கு

கி.மு. 2737 என்ற ஆண்டு பல நூல்களில் காணப்படுகிறது. சென்னோங் என்ற சீனப் பேரரசர் அப்போது கஞ்சாவை மருந்தாக எழுதி வைத்தார் என்பார்கள். சென்னோங் புராண புருஷர். மக்களுக்கு உழவைக் கற்றுக் கொடுத்தவர், மூலிகைகளைத் தாமே தின்று பார்த்து நஞ்சு எது மருந்து எது என்று பிரித்தவர் என்று சீனர்கள் போற்றுகிறார்கள். நம் அகத்தியரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அவர் பெயரால் வழங்கும் 'சென்னோங் பென்சாவ் ஜிங்' என்ற மருந்துப்பொருள் நூல் ஏறக்குறைய கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. அதில் உள்ள மருந்துகள் 365. அதன் மூலப்படி இன்று இல்லை. பின்வந்த நூல்களில் எடுத்தாளப்பட்ட பகுதிகளைக் கோத்தே அதை மீட்டிருக்கிறார்கள். ஆகவே எழுத்துச் சான்று சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள்தான். அதுவே பெரிய பழமை. அதை ஐயாயிரம் ஆக்க வேண்டியதில்லை.

செடியின் பழக்கம் அதைவிட மூத்தது என்பதற்கு மண்ணடியில் சான்று உண்டு. சீனாவின் வடமேற்கே துர்ஃபான் பகுதியில் சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் 789 கிராம் கஞ்சா கிடைத்த செய்தியை 2008இல் வெளியிட்டார்கள். பாமீர் மலையில் 2,500 ஆண்டுப் பழைமையான மரத் தணப்புச் சட்டிகள் கிடைத்தன. சூடாக்கிய கற்களை அவற்றில் இட்டு, அவற்றின் மேல் கஞ்சாவைப் போட்டுப் புகைய விட்டிருக்கிறார்கள் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் போதையை அக்கால மக்கள் அறிந்திருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இறந்தவரை வழியனுப்பும் சடங்கு. தினமும் மாலையில் விடுதி மாடியில் நடந்த காரியம் அல்ல.

பேயைக் காட்டும் பூ

சீனர்கள் இந்தச் செடியை 'மா' என்கிறார்கள். அவர்களுக்கு அது முதலில் மருந்தே அல்ல. தண்டின் நாரிலிருந்து துணியும் கயிறும், பின்னர் காகிதமும் செய்தார்கள். விதையைத் தானியமாக உண்டார்கள். பழங்காலத்து ஐவகைத் தானியப் பட்டியல் சிலவற்றில் அதுவும் ஒன்று. இப்படி நாள்தோறும் புழங்கிய செடி ஆகையால், அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனிக் குணமும் எழுதினார்கள்.

சென்னோங் நூலில் 'மா-ஃபென்' என்று ஒரு பகுதி வருகிறது. அது பூவா, தோலோடு கூடிய காயா என்பதில் சீன உரையாசிரியர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. போதை தரும் பகுதி என்பது மட்டும் அதன் குணத்தைப் படித்தாலே விளங்கும். அளவுக்கு மேல் உண்டவன் பேய்களைக் காண்பான், பித்துப் பிடித்தவனாக ஓடுவான் என்கிறது நூல். நெடுங்காலம் உண்டால் ஆவிகளோடு தொடர்பு உண்டாகும், உடல் இலேசாகும் என்றும் சொல்கிறது.

இந்த இடத்தைப் படித்தபோது அவன் என் முகத்தைப் பார்த்தான். "மாமா, அந்த ரெண்டு பேர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நானும் பேசவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சீன வைத்தியர், கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்த ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது.

கி.பி. 500ஐ ஒட்டி வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். 'மா-போ' என்னும் பூவை வைத்தியர்கள் மருந்தில் அரிதாகவே சேர்க்கிறார்கள். வருங்காலத்தை அறிய விரும்பும் மாந்திரிகர்கள்தாம் அதை ஜின்செங் வேருடன் உண்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். வைத்தியருக்கு வேண்டாதது, மாந்திரிகருக்கு வேண்டியது. இதைவிடக் கச்சிதமாக எல்லை போட முடியாது.

"ஹுவா துவோ இருக்காரே மாமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டான். கி.பி. 208இல் மறைந்ததாகச் சொல்லப்படும் அந்தப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், 'மா-ஃபெய்-ஸான்' என்ற பொடியை மதுவில் கலந்து கொடுத்து, நோயாளி உணர்விழந்த பிறகு வயிற்றைத் திறந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பெயரில் 'மா' இருப்பதால் அது கஞ்சாதான் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் சீன மொழியில் 'மா' என்ற சொல்லுக்கு மரத்துப் போதல் என்றும் பொருள் உண்டு. பொடியில் என்னென்ன சேர்ந்தன என்பதும் தெரியாது. செய்முறை அவரோடே போயிற்று. அதை ஆதாரமாக வைத்து யாரும் வாதாட முடியாது.

மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை

அப்படியானால் சீன மருத்துவத்தில் இந்தச் செடிக்கு இடமே இல்லையா? நிறைய உண்டு. ஆனால் அந்த இடம் விதைக்கு. 'ஹுவோ மா ரென்' எனப்படும் அந்த விதை சீன அரசின் மருந்துத் தொகை நூலில் இன்றும் இருக்கிறது. சுவை இனிப்பு, தன்மை சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. குடல் வறண்டு மலம் இறுகியவர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கும், பிரசவித்து உடல் தளர்ந்த பெண்களுக்கும் குடலை நெகிழ வைக்கக் கொடுப்பது.

கி.பி. 200ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' நூலில் 'மா ஸி ரென் வான்' என்ற உருண்டை மருந்து வருகிறது. இந்த விதையோடு ரேவல்சின்னிக் கிழங்கு, பியோனி வேர், கசப்பு நாரத்தையின் பிஞ்சு, மக்னோலியாப் பட்டை, ஆப்ரிகாட் பருப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்து மொத்தம் ஆறு சரக்கு. ஹாங்காங்கில் 120 பேரிடம் இம்மருந்தைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரச் சிகிச்சையில் மருந்து உண்டவர்களில் 43.3 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. வெற்றுப் பொடி உண்டவர்களில் 8.3 விழுக்காடுதான். பழைய மருந்தொன்று புதிய தராசில் நின்று காட்டியது.

இதைப் படித்துவிட்டு அவன் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். "அஞ்சாயிரம் வருஷத்து ரகசியம் மலச்சிக்கலுக்கா மாமா?" என்றான். "ஆமாம். அதுக்கும் அளவு உண்டு. ரேவல்சின்னி இருப்பதால் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு விலக்கும் உண்டு" என்றேன்.

எங்கள் மாடிக்கு மேல் மாடியில் அல்மோராப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. குமாவூன் மலைக்காரர்களின் சமையலில் 'பாங் கீ சட்னி' முக்கியமான பதார்த்தம். கஞ்சா விதையை வறுத்து, சீரகம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து அரைப்பார்கள். நம் எள்ளுத் துவையலுக்குத் தம்பி மாதிரி இருக்கும். குழந்தைகளும் சாப்பிடுவார்கள், போதை என்பது பெயருக்கும் கிடையாது. இதே எல்லைக்கோட்டை நம் நாட்டுச் சட்டமும் போட்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கும், காய்க்கும் நுனிகளை; அந்த நுனிகளோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வரமாட்டா. சில மாநிலங்களில் பாங் கடைகள் உரிமத்துடன் நடப்பது இதனால்தான். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான நச்சுப் பொருள் பட்டியலிலும் 'விதை நீங்கலாக' என்ற குறிப்போடுதான் இச்செடி இடம்பெறுகிறது. 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவ்விதையையும் அதன் எண்ணெயையும், போதைச் சத்துக்கு உச்ச வரம்பு வைத்து, உணவாக அனுமதித்தது. சீன வைத்தியரும், அல்மோராப் பாட்டியும், நம் சட்டமும் ஒன்றையே சொல்கிறார்கள்: விதை வேறு, பூ வேறு.

ஐந்து உறுப்புகளின் மொழி

சீனப் பழநூல்களில் இந்த மருந்தெல்லாம் உண்ணும் மருந்து. புகையிலைப் பழக்கமே சீனாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே தினசரி கஞ்சா புகைப்பவனைப் பற்றிப் பழைய வைத்தியர்கள் எழுதி வைக்கவில்லை. இன்று அம்முறையில் வைத்தியம் செய்கிறவர்கள் சிலர், பழைய தத்துவத்தைக் கொண்டு அவனை இப்படி விளக்குகிறார்கள்.

சீன மருத்துவத்தில் கல்லீரல் என்பது நாம் ஸ்கேனில் பார்க்கும் கல்லீரல் மட்டுமல்ல. 'ச்சி' என்னும் உயிர்ச் சக்தி தடையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதனுடையது. மனக்கவலை மிகுந்தால் அந்த ஓட்டம் தேங்குகிறது. கஞ்சா தேக்கத்தைச் சட்டென்று கலைக்கிறது. முதலில் வரும் நிம்மதி அதுதான். ஆனால் கலைத்துக் கலைத்தே சக்தி செலவாகிறது. செலவான சக்தி மறுபடி தேங்குகிறது. கவலை கூடுகிறது, மறுபடி புகை வேண்டியிருக்கிறது. புகையின் சூடு நுரையீரலின் ஈரத்தை உலர்த்துகிறது. வயிற்றில் சூடு ஏறி அகாலப் பசி எடுக்கிறது. மண்ணீரல் தளர்ந்து கபம் சேர்ந்து மந்தம் உண்டாகிறது. 'ஷென்' என்னும் மனத்தெளிவு குடியிருக்கும் இடம் இதயம். அது கலங்கினால் தூக்கம் கெடும், அச்சம் வரும், இல்லாதது தோன்றும். சிறுநீரகத்தில் சேமித்த மூலசத்து குறைந்தால் ஞாபகம் போகும், முனைப்பு போகும்.

நான் படித்த மருந்தியல் இதே அடையாளங்களை வேறு சொற்களில் கூறுகிறது. கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் ஏராளம். நினைவைப் பதிக்கும் பகுதியில் ஒட்டினால் மறதி. பசியை ஆளும் பகுதியில் ஒட்டினால் அகாலப் பசி. எச்சில் சுரப்பு குறைந்து வாய் வறளும், இரத்தக் குழாய் விரிந்து கண் சிவக்கும், இதயம் படபடக்கும். நீண்ட நாள் புகைத்த சிலருக்கு ஓயாத வாந்தி வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டுமே தணிகிறது என்று 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் எழுதினார்கள். விளக்கம் வேறு வேறாக இருந்தாலும் இரண்டு வைத்தியமும் பார்த்தது ஒரே நோயாளியைத்தான்.

நான்கு கேள்விகள்

இவ்வளவும் படித்து நான் தெரிந்துகொண்டது ஒன்றே. சீனம், சித்தம், ஆயுர்வேதம் எதுவானாலும் பழைய வைத்தியம் ஒரு மூலிகையைக் கையில் எடுக்குமுன் நான்கு கேள்விகள் கேட்கிறது: எந்த உறுப்பு, எந்த ஆளுக்கு, எவ்வளவு, எத்தனை நாள்? "இயற்கைதானே, பழைய மருந்துதானே" என்று சொல்கிறவர்கள் இந்த நான்கையும் தூர எறிந்துவிட்டுப் பழமை என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு என்ற கேள்வி இன்று முன்னைவிட அவசரமானது. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்ததில் 1995இல் சுமார் 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி. 2014இல் சுமார் 12 விழுக்காடாகியிருந்தது. எந்த ஆள் என்பதும் அப்படியே. ஸ்வீடனில் ராணுவச் சேவைக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களிடம் மனச்சிதைவு நோய் மற்றவர்களைப்போல் ஆறு மடங்கு காணப்பட்டது. முழுக் காரணமும் கஞ்சாதானா என்பது விவாதத்துக்குரியது. வளரும் வயதிலும், குடும்பத்தில் மனநோய் உள்ளவரிடத்திலும் ஆபத்து அதிகம் என்பதை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். நம் நாட்டில் எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் கஞ்சாச் செடியின் ஏதாவது ஒரு வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். அவர்களில் எல்லோரும் என் மருமான்போல் இரவில் கதவைத் தாழிட்டு உட்காருவதில்லை. ஆனால் உதவி தேவைப்படும் நிலையில் சுமார் 72 லட்சம் பேர் இருப்பதாக அதே கணக்கு கூறுகிறது.

பழக்கத்தை விட்டுவிடச் சீன வைத்தியம் உதவுமா என்றும் அவன் கேட்டான். காது மடலில் ஐந்து இடங்களில் ஊசி போடும் முறை ஒன்று, நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் 1970களில் வளர்ந்து பல நாடுகளுக்குப் பரவியது. மனம் சற்று அமைதியடைகிறது என்று அதை மேற்கொண்டவர்கள் சொல்கிறார்கள். ஆனால் கோகெயின் பழக்கத்துக்கு அது பலன் தருவதற்குச் சான்று இல்லை என்று 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. "துணைக்கு வேணும்னா போட்டுக்கோ, மருத்துவரை விட்டுடாதே" என்றேன். போட்டுக்கொள்ளவில்லை. ஊசி என்றால் அவனுக்குப் பயம்.

இப்போது அவன் மூன்றாம் ஆண்டுப் பாடங்களைத் திரும்பப் படிக்கிறான். ஒரு வருடம் போயிற்று. இடையில் இரண்டு முறை பழக்கம் திரும்பி வந்ததையும், அதை அவனே வந்து சொன்னதையும் மறைக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் திருச்சிக்குத் தெரியாமல் மூடி வைத்தேன். அது என் தவறு. அக்காவிடம் சொன்ன பிறகுதான் அவனுக்கும் எனக்கும் மூச்சு வந்தது. ஊரை விட்டு வந்த நமக்கு, "வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்ற பயம் ஊரில் இருப்பவர்களைவிட ஒரு பங்கு கூடுதல்தான். சங்கத்து நண்பர்களில் யாருக்காவது இப்படி ஓர் இரவு வந்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்காருங்கள். மறுநாள் மருத்துவரிடம் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற அரசின் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணைக் கூப்பிடலாம்.

இந்த ஹோலிக்கு மேல் மாடியிலிருந்து ஒரு தம்ளர் தண்டாயும், ஒரு கிண்ணம் சட்னியும் வந்தன. தம்ளரை வாங்குமுன் அவனே, "ஆன்ட்டி, இதுலே பாங் இருக்கா?" என்று இந்தியில் கேட்டான். இருக்கிறது என்றார் அவர். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்னியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அன்று எங்கள் வீட்டில் தோசை.